ரஸ்ட் மொழியில் குவெரி ஸ்ட்ரிங் பார்ஸிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஸ்டில் வெப் சர்வர் எழுத வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நினைவகப் பிழைகளைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஆனால் முகவரியில் வந்த ஒரு கூட்டல் குறி கூட்டல் குறியா, இடைவெளியா என்று கம்பைலருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைச் சிக்கல்களைப் பற்றியது. குவெரி ஸ்ட்ரிங் என்பது இணைய முகவரியில் ? குறிக்குப் பின்னால் வரும் பகுதி. அதைப் பெயரும் மதிப்புமாகப் பிரித்தெடுப்பதே பார்ஸிங். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஃபங்ஷன் பெயர்கள், கிரேட் (ரஸ்டில் லைப்ரரித் தொகுப்பு) பெயர்கள், முகவரி எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நிரலில் அவை வழக்கமான ஆங்கில வடிவில்தான் இருக்கும்.

குவெரி ஸ்ட்ரிங் முகவரியில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

முதல் கேள்விக்குறிக்கு அடுத்து தொடங்கும். # குறி வந்தால் அதற்கு முன்னால் முடியும், வராவிட்டால் முகவரியின் இறுதிவரை போகும். 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்தது இது. முதல் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் ? குறியும் / குறியும் குவெரிக்குள் சாதாரண எழுத்துகள்தான். அதனால் கேள்விக்குறி வரும் இடமெல்லாம் வெட்டுகிற நிரல் தவறு. # குறிக்குப் பின்னால் இருப்பதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ‘என் சர்வரில் அது வரவே மாட்டேன் என்கிறது’ என்று தேடிக்கொண்டிருந்தால், தேடுவதை நிறுத்திவிடலாம்.

ஒரு நுணுக்கம்: முகவரியில் ? இல்லாமலே இருப்பதும், ? மட்டும் இருந்து பின்னால் ஒன்றுமில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. ‘யூஆர்எல்’ கிரேட்டின் ‘குவெரி’ ஃபங்ஷன் முதலாவதற்கு ‘நன்’ (ஒன்றுமில்லை) தரும், இரண்டாவதற்கு வெற்று ஸ்டிரிங் அடங்கிய ‘சம்’ (ஏதோ இருக்கிறது) தரும்.

பெயர்=மதிப்பு என்று & போட்டு எழுதும் வழக்கமும் அதே ஆர்எஃப்சியில் இருக்கிறதா?

இல்லை. பலரும் இதை நம்புவதில்லை, ஆனால் ஆர்எஃப்சி 3986 குவெரிக்குள் இருப்பதைப் பிரிக்க எந்த விதியும் சொல்லவில்லை. எந்தெந்த எழுத்து வரலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஜோடி ஜோடியாக எழுதும் வழக்கம் எச்டிஎம்எல் படிவங்களிலிருந்து வந்தது. இன்று அதற்கு நடைமுறை இலக்கணம், பிரவுசர் தயாரிப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் வாட்விக் குழுவின் யூஆர்எல் தரநிலை.

பாதி வழக்கம், பாதி தரநிலை என்று வளர்ந்ததால் முரண்பாடுகள் தங்கிவிட்டன. பெரிய எடுத்துக்காட்டு அரைப்புள்ளி. எச்டிஎம்எல் எழுதும்போது & குறியைத் தனியாக எஸ்கேப் செய்ய (மாற்றுக் குறியீடாக எழுத) வேண்டியிருப்பதால், ; குறியையும் பிரிப்பானாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0 ஆவணமே சர்வர் எழுதுகிறவர்களுக்குப் பரிந்துரைத்தது. பைத்தானும் கோவும் நெடுநாள் அப்படியே செய்தன. முன்னால் நின்று, பதில்களைச் சேமித்து வைத்துத் தரும் கேஷ் சர்வர்கள் பலவும் & குறியை மட்டுமே பிரிப்பானாகக் கண்டன.

விளைவைப் பாருங்கள். ‘பக்கம்=1&விளம்பரம்=அ;பக்கம்=9’ என்று ஒரு கோரிக்கை வருகிறது. விளம்பரக் குறியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேஷுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ‘அ;பக்கம்=9’ முழுவதும் விளம்பரத்தின் மதிப்பு என்று கேஷ் நினைத்து, இது முதல் பக்கத்துக்கான கோரிக்கை என்று குறித்துக்கொள்கிறது. பின்னால் இருக்கும் சர்வரோ ஒன்பதாம் பக்கத்தைத் தருகிறது. அடுத்து முதல் பக்கம் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்பதாம் பக்கம் போகும். கேஷ் பாய்சனிங் என்பது இதுதான். 2021இல் பைத்தான் இதைப் பாதுகாப்புப் பிழையாக ஏற்று, இயல்பில் & மட்டுமே பிரிப்பான் என்று மாற்றியது. அதே ஆண்டு வந்த கோ 1.17, அரைப்புள்ளியைப் பிரிப்பானாக ஏற்பதைக் கைவிட்டது. ரஸ்டின் முக்கிய கிரேட்கள் வாட்விக் வழியில் போவதால் இந்தச் சிக்கல் அவற்றில் எழவில்லை. உங்கள் சர்வருக்கு முன்னால் என்ன நிற்கிறது, அது எப்படிப் பிரிக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரஸ்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இதற்கு வழி இருக்கிறதா?

கிடையாது. ஸ்டாண்டர்ட் லைப்ரரியை ஒல்லியாக வைப்பது ரஸ்டின் கொள்கை. நடைமுறையில் எல்லோரும் எடுப்பது, சர்வோ பிரவுசர் திட்டத்தில் பிறந்த ‘யூஆர்எல்’ கிரேட். அதன் உள்ளே இருக்கும் ‘ஃபார்ம் யூஆர்எல்என்கோடட்’, ‘பெர்சென்ட் என்கோடிங்’ இரண்டும் தனி கிரேட்களாகவும் கிடைக்கும். முழு முகவரி தேவையில்லை, கையில் குவெரி மட்டும்தான் இருக்கிறது என்றால் ‘ஃபார்ம் யூஆர்எல்என்கோடட்’ மட்டும் போதும். இன்னும் ஒரு படி மேலே, நேராக ஸ்ட்ரக்டுக்குள் நிரப்பிக்கொள்ள ‘செர்டி யூஆர்எல்என்கோடட்’ இருக்கிறது.

நாலு வரி நிரல்தானே, நானே எழுதிக்கொண்டால் என்ன?

எழுதலாம். டிபெண்டன்சியே வேண்டாம் என்கிற சிறு கருவிகளுக்கு அது நியாயமான முடிவும்கூட. ஆனால் நாலு வரியில் எத்தனை இடத்தில் சறுக்கலாம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

முதலில் வரிசை. முதலில் & குறியில் வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் முதல் = குறியில் வெட்ட வேண்டும். அதன் பிறகுதான் டீகோட், அதாவது % போட்டு எண்ணாக எழுதியதை மூல எழுத்தாக மாற்றுவது. தலைகீழாகச் செய்வது தைத்த பிறகு அளவெடுக்கிற கதை. ‘கடை=முருகன்%26சன்ஸ்&ஊர்=தென்காசி’ என்று வருகிறது என்று வையுங்கள். இங்கே %26 என்பது கடைப் பெயருக்குள் இருக்கும் & குறி. முழு ஸ்டிரிங்கையும் முதலிலேயே டீகோட் செய்துவிட்டால் அது பிரிப்பானாகிவிடும். கடையின் பெயர் ‘முருகன்’ என்று சுருங்கி, ‘சன்ஸ்’ என்று மதிப்பில்லாத புதுப் பெயர் ஒன்று முளைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. பில்லில் பெயர் தப்பாக அச்சாகும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, ‘முதல்’ = குறி. எல்லா = குறியிலும் வெட்டி முதல் இரண்டு துண்டை எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பேஸ்64 டோக்கன்கள் பல = குறியில் முடியும். அந்தக் கடைசிக் குறிகள் தொலைந்துவிடும். ரஸ்ட் 1.52இல் வந்த ‘ஸ்ப்ளிட்_ஒன்ஸ்’ இதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல் இருக்கிறது. = இல்லாத துண்டுக்கு அது ‘நன்’ தரும். அப்போது துண்டு முழுவதும் பெயர், மதிப்பு வெற்று ஸ்டிரிங் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘&&’ என்று அடுத்தடுத்து வந்தால் நடுவில் கிடைக்கும் வெற்றுத் துண்டை விட்டுவிடுங்கள். தரநிலையும் அப்படித்தான் சொல்கிறது.

மூன்றாவது, கூட்டல் குறி. படிவ வடிவில் + என்றால் இடைவெளி. நிஜமான கூட்டல் குறி %2பி என்று எழுதப்பட்டிருக்கும். ஆகவே முதலில் + குறிகளை இடைவெளியாக மாற்றிவிட்டு, பிறகு % குறிகளை டீகோட் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் %2பி கூட்டல் குறியாகி, அடுத்த அடியில் அதுவும் இடைவெளியாகிவிடும்.

நான்காவது ரஸ்டுக்கே உரியது. % குறிக்கு அடுத்த இரண்டு எழுத்தை எடுத்து ‘ஃப்ரம்_எஸ்டிஆர்_ரேடிக்ஸ்’ ஃபங்ஷனிடம் 16 அடியில் எண்ணாக்கக் கொடுப்பது எல்லோர் கைக்கும் முதலில் வரும் வழி. அந்த ஃபங்ஷன் முன்னால் ஒரு + குறி இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளும். ஒரே ஓட்டத்தில் + குறியையும் % குறியையும் கையாளும் டீகோடர் என்றால், ‘%+5’ என்று யாராவது அனுப்பும்போது பைட் 5 கிடைக்கும். தரநிலைப்படி நடக்கும் பார்ஸர் அப்படிப் படிக்காது. உங்கள் முன் வரிசை ஃபில்டர் ஒன்றைப் பார்த்திருக்கும், உங்கள் நிரல் இன்னொன்றைப் பார்க்கும். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக ‘டு_டிஜிட்’ மூலம் மாற்றுவது பாதுகாப்பு.

ஐந்தாவது, பேனிக், அதாவது ஓடும்போதே நிரல் பிழையோடு நின்றுவிடுவது. % இருக்கும் இடத்திலிருந்து அடுத்த இரண்டு பைட்டை ஸ்டிரிங் ஸ்லைஸாக வெட்டுகிறீர்கள். % கடைசி எழுத்தாக இருந்தால் எல்லை தாண்டிப் போய் பேனிக் ஆகும். % குறிக்கு அடுத்து, என்கோட் செய்யாத ‘அ’ இருந்தாலும் பேனிக்தான். ‘அ’ யூடிஎஃப்-8இல் மூன்று பைட், நீங்கள் வெட்டுவது இரண்டாவது பைட்டின் முடிவில், ரஸ்டோ எழுத்தின் நடுவில் வெட்ட அனுமதிக்காது. சி மொழியில் இதே கவனக்குறைவு, ஸ்டிரிங் முடிந்த இடத்தையும் தாண்டி நினைவகத்தைப் படிக்கும். ரஸ்டில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், பேனிக் வந்தால் முழு நிரலும் நின்றுவிடும்படி (அபார்ட்) பில்டு செய்திருந்தால் ஒரே ஒரு % குறியால் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வரை நிறுத்த முடியும். ஸ்டிரிங்காக வெட்டாமல் பைட் ஸ்லைஸாக எடுத்து, ‘கெட்’ மூலம் கேட்டு வாங்குங்கள்.

நேரத்தை அனுப்பினால் சர்வரில் பிழை வருகிறது. ஆனால் சோதனையில் எல்லாம் சரியாக ஓடியதே?

சோதனையில் யூடிசி நேரம் கொடுத்திருப்பீர்கள். இந்திய நேரத்தை ஐஎஸ்ஓ வடிவில் எழுதினால் கடைசியில் +05:30 வரும். அதை என்கோட் செய்யாமல் ஸ்டிரிங்காக ஒட்டி அனுப்பினால் சர்வருக்குக் கிடைப்பது, கூட்டல் குறி இருந்த இடத்தில் ஒரு இடைவெளியோடு கூடிய ‘10:00:00 05:30’. நேரத்தைப் படிக்கும் லைப்ரரி அதை ஏற்காது. இலங்கை நேரமும் +05:30 என்பதால் அங்கேயும் இதே கதைதான். +91, +94 என்று தொடங்கும் கைபேசி எண்களும், மின்னஞ்சலில் + போட்டு எழுதும் முகவரிகளும் இதே இடத்தில் மாட்டும்.

சரிசெய்ய வேண்டிய இடம் அனுப்பும் பக்கம். ஜாவாஸ்கிரிப்டில் ‘என்கோட்யூஆர்ஐ’ முழு முகவரிக்கானது, + & = எதையும் தொடாது. மதிப்புக்கு ‘என்கோட்யூஆர்ஐகாம்போனென்ட்’ அல்லது ‘யூஆர்எல்சர்ச்பேராம்ஸ்’ வேண்டும். முதலாவது இடைவெளியை %20 என்று எழுதும், இரண்டாவது + என்று எழுதும். படிவ பார்ஸருக்கு இரண்டும் ஒன்றே. சர்வரில் ‘இடைவெளி வந்தால் கூட்டல் குறியாக்கு’ என்று ஒட்டுப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டுப் போட்ட பிறகு அனுப்பும் பக்கத்தை யாரும் திருத்த மாட்டார்கள்.

தமிழ் எழுத்துகள் குவெரியில் வந்தால் என்ன ஆகும்?

சரியாக என்கோட் செய்தால் ஒன்றும் ஆகாது. நீளம்தான் கூடும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஆக 15 பைட், முகவரியில் 45 எழுத்து. ‘திருநெல்வேலி’ 108 எழுத்து.

சிக்கல் வருவது பைட்கள் யூடிஎஃப்-8 ஆக இல்லாதபோது. நீளத்துக்கு வரம்பு வைத்த ஏதோ ஒரு இடைநிலை நிரல் மூன்று பைட்டின் நடுவில் நறுக்கிவிட்டால், மிஞ்சும் ஒன்றிரண்டு பைட் எந்த எழுத்தும் ஆகாது. ‘ஃபார்ம் யூஆர்எல்என்கோடட்’ அதற்குப் பிழை சொல்லாது. அந்த இடத்தில் யூனிகோடின் மாற்றுக் குறியை, அதாவது கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போலத் தெரியும் எழுத்தைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தேடல் பெட்டிக்கு இது போதும். பயனர் பெயர், கோப்புப் பெயர், டேட்டாபேஸ் சாவி என்றால் போதாது. இரண்டு வெவ்வேறு கெட்ட பைட் வரிசைகள் டீகோட் ஆனபின் ஒரே ஸ்டிரிங்காகிவிடலாம். அந்த இடங்களில் ‘பெர்சென்ட் என்கோடிங்’ கிரேட்டின் கண்டிப்பான ‘டீகோட்_யூடிஎஃப்8’ ஃபங்ஷனை எடுத்து, பிழை வந்தால் 400 (தவறான கோரிக்கை) பதில் தந்து திருப்பி அனுப்புங்கள். அது + குறியைத் தொடாது. அதை நீங்களே முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு தமிழ்ச் சொற்கள் பொருந்த மறுக்கின்றன. பார்ஸர் பிழையா?

பார்ஸர் மேல் குற்றமில்லை. ‘கொடைக்கானல்’ என்பதன் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரமும், கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியும் என்றால் 6 பைட். ககரம், எகரக் கொம்பு, கால் என்று தனித்தனியாக வந்தால் 9 பைட். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் இவ்விரண்டையும் சமம் என்கிறது, ஆனால் ரஸ்டின் == பைட் பைட்டாகத்தான் பார்க்கும். டீகோட் செய்த கையோடு ‘யூனிகோட் நார்மலைசேஷன்’ கிரேட்டின் என்எஃப்சி (சமமான குறிகளை ஒரே வடிவாக்கும் முறை) வழியாக ஒரு சுற்று விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். டேட்டாபேஸில் ஏற்கெனவே இருப்பதையும் அதே வடிவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் போட்டு ‘மெளனம்’ என்று தட்டச்சு செய்வதை என்எஃப்சி திருத்தாது. யூனிகோட் கணக்கில் அவை நிஜமாகவே வேறு எழுத்துகள். அதற்குத் தேடல் பக்கத்தில் தனி ஏற்பாடுதான் வழி.

‘தள்ளுபடி=100%’ என்று தனியாக ஒரு % வந்தால்?

தரநிலைப்படி, பின்னால் இரண்டு பதினாறடி எண்கள் இல்லாத % அப்படியே விடப்படும். ரஸ்ட் கிரேட்களும் விட்டுவிடுகின்றன. கோ பிழை தரும். ஜாவாஸ்கிரிப்டின் ‘டீகோட்யூஆர்ஐகாம்போனென்ட்’ எக்செப்ஷன் எறியும். ஒரே முகவரி ஒரு மொழியில் ஓடி இன்னொன்றில் விழுவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எதை எடுப்பது?

எந்தத் தரநிலையும் இதற்கு விடை சொல்லவில்லை. பிஎச்பி கடைசியை எடுக்கும். ஜாங்கோவும் அப்படியே. ஃபிளாஸ்க் முதலாவதை எடுக்கும், கோவின் ‘கெட்’டும் அப்படியே. ஏஎஸ்பி டாட்நெட் இரண்டையும் காற்புள்ளி போட்டு ஒட்டித் தரும். முன்னால் இருக்கும் ஃபயர்வால் முதலாவதைச் சோதித்து விட்டுவிட, பின்னால் இருக்கும் நிரல் இரண்டாவதைச் செயல்படுத்தினால் சோதனைக்கே பொருளில்லை. 2009இல் லூகா கரெட்டோனி, ஸ்டெஃபானோ டி பாவோலா இருவரும் இதற்கு ‘எச்டிடிபி பேராமீட்டர் பொல்யூஷன்’ என்று பெயர் வைத்து விரிவாக எடுத்துக் காட்டினார்கள்.

ரஸ்டில் ‘குவெரி_பேர்ஸ்’ ஒரு இட்டரேட்டர் மட்டுமே. வந்த எல்லாவற்றையும் வந்த வரிசையில் தரும், முடிவு உங்களுடையது. அதை அப்படியே ஹாஷ்மேப்பில் ‘கலெக்ட்’ செய்தீர்களானால், அறியாமலே ‘கடைசி வென்றது’ என்று முடிவெடுத்துவிட்டீர்கள். ‘செர்டி யூஆர்எல்என்கோடட்’ வழியாக ஸ்ட்ரக்டில் நிரப்பினால் இரட்டிப்புப் பெயருக்குப் பிழை தரும். எனக்குப் பிடித்தது இதுதான். பணத்தொகையும் கணக்கு எண்ணும் இரண்டு முறை வருகிற கோரிக்கையை நல்லெண்ணத்தோடு படிக்க வேண்டிய தேவையே இல்லை.

ரஸ்டின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஆக்ஸமில், குவெரியை ஸ்ட்ரக்டாக எடுத்துத் தரும் ‘குவெரி’ எக்ஸ்ட்ராக்டர் சில கோரிக்கைகளுக்கு மட்டும் 400 தருகிறது. ஏன்?

உள்ளே இருப்பது ‘செர்டி யூஆர்எல்என்கோடட்’. கேள்வி கேட்கிறவர்களில் பெரும்பாலோர் நான்கு இடங்களில்தான் மாட்டியிருப்பார்கள்.

‘பக்கம்=’ என்று மதிப்பில்லாமல் வருவது. புலத்தை ‘ஆப்ஷன்’ என்று அறிவித்துவிட்டால் இதற்கும் ‘நன்’ கிடைக்கும் என்று எதிர்பார்ப்போம். கிடைக்காது. பெயரே வராவிட்டால்தான் ‘நன்’. பெயர் வந்து மதிப்பு வெறுமையாக இருந்தால் வெற்று ஸ்டிரிங்கை எண்ணாக்க முயன்று தோற்கும். எச்டிஎம்எல் படிவம் நிரப்பாத பெட்டியையும் இப்படித்தான் அனுப்பும் என்பதால் இது தினமும் நடக்கிற விஷயம். வெறுமையை ‘நன்’ ஆக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்றை எழுதி, ‘டீசீரியலைஸ்_வித்’ என்று அந்தப் புலத்தின் மேல் குறித்துவிடுங்கள். கூடவே ‘டிஃபால்ட்’டும் போட வேண்டும், இல்லையென்றால் பெயர் வராதபோது பிழை வரும்.

அடுத்தது செக்பாக்ஸ். டிக் செய்தால் பிரவுசர் அனுப்புவது ‘ஆன்’ என்ற சொல். ரஸ்டின் பூலியன் ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ தவிர எதையும் ஏற்காது, 1 என்று அனுப்பினாலும் ஏற்காது. மூன்றாவது, ஒரே பெயரைப் பலமுறை அனுப்பி ‘வெக்’ (பட்டியல்) புலத்தில் வாங்குவது. இதை அந்த கிரேட் ஆதரிப்பதில்லை. ‘ஆக்ஸம் எக்ஸ்ட்ரா’வில் இருக்கும் ‘குவெரி’, ‘செர்டி எச்டிஎம்எல் ஃபார்ம்’ கிரேட்டைப் பயன்படுத்துவதால் அதில் முடியும்.

நான்காவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும். பக்க எண், அளவு போன்ற பொதுப் புலங்களைத் தனி ஸ்ட்ரக்டாக வைத்து ‘ஃபிளாட்டன்’ போட்டு உள்ளே சேர்ப்பார்கள். உடனே எண் புலங்கள் ‘ஸ்டிரிங் வந்திருக்கிறது, எண் எதிர்பார்த்தேன்’ என்று விழும். ஃபிளாட்டன் வந்ததும் செர்டி மதிப்புகளை ஓர் இடைக்கிடங்கில் வைத்து எடுக்கிறது. குவெரியில் எல்லாமே ஸ்டிரிங் என்பதால் எண்ணாக மாற்றும் வாய்ப்பு அங்கேயே போய்விடுகிறது. ஃபிளாட்டனை எடுத்துவிட்டுப் புலங்களை மீண்டும் எழுதுவது அழகில்லைதான், ஆனால் அதுவே குறைந்த தொல்லை.

‘வடிகட்டி[விலை][முதல்]=100’ போன்ற அடைப்புக்குறி வடிவம்?

பிஎச்பியும் ரெயில்ஸும் பரப்பிய வழக்கம் அது. தரநிலை எதிலும் இல்லை. ரஸ்டில் ‘செர்டி க்யூஎஸ்’ படிக்கும். ஆழத்துக்கு வரம்பு வைத்தே பயன்படுத்துங்கள். புதிதாக ஏபிஐ வடிவமைக்கிறீர்கள் என்றால் இதைத் தொடாதீர்கள். இவ்வளவு உள்ளடுக்கு தேவைப்பட்டால் ஜேசானைப் போஸ்ட் உடலில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆயிரக்கணக்கில் பெயர்களை அனுப்பி சர்வரைத் திணற அடிக்க முடியுமா?

ஒரு காலத்தில் மிக எளிதாக முடிந்தது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த 28சி3 ஹேக்கர் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், ஜூலியன் வெல்டே இருவரும் காட்டியது அது. ஒரே ஹாஷ் மதிப்பு (பெயரை அட்டவணையில் எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் எண்) தரும் பெயர்களாகப் பொறுக்கி அனுப்பினால், ஹாஷ் அட்டவணை நீண்ட சங்கிலியாகி, ஒவ்வொரு சேர்ப்பும் முழுச் சங்கிலியையும் நடந்து வரும். பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி என்று பல மொழிகள் அடிவாங்கின. பிஎச்பி 5.3.9 உள்ளீட்டுப் பெயர்களுக்கு இயல்பாக 1000 என்ற வரம்பைக் கொண்டுவந்தது அதன் பிறகுதான்.

ரஸ்டின் ஹாஷ்மேப் சிப்ஹாஷ் 1-3 முறையை ரகசிய எண்ணோடு பயன்படுத்துவதால் வெளியிலிருந்து மோதல்களைக் கணிப்பது கடினம். வேகத்துக்காக எஃப்எக்ஸ் ஹாஷ் மாதிரி ஒன்றுக்கு மாறியிருந்தால் அந்தக் காப்பு போய்விட்டது என்று பொருள். வெளியாள் தரும் சாவிகளுக்கு அதைப் போடாதீர்கள். எந்த ஹாஷாக இருந்தாலும் ‘குவெரி_பேர்ஸ்’ இட்டரேட்டரில் ஒரு ‘டேக்’ போட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது ஒரு சொல் வேலை. வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்காமல் 400 தருவது நல்லது.

குவெரி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

தரநிலையில் மேல் எல்லை இல்லை. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110, குறைந்தது 8000 பைட் நீள முகவரியையாவது ஏற்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அப்பாச்சியின் இயல்பு வரம்பு கோரிக்கை வரிக்கு 8190 பைட், என்ஜின்எக்ஸ் 8 கேபி. ரஸ்டின் ‘எச்டிடிபி’ கிரேட் 65,534 பைட்டுக்கு மேல் போனால் மறுத்துவிடும். தமிழ்க் குறி ஒன்றுக்கு 9 எழுத்து என்பதால் 8000 என்பது 900க்கும் குறைவான குறிகள்தான். தமிழ்ப் பத்தி ஒன்றை முழுதாகக் குவெரியில் அனுப்பும் எண்ணம் இருந்தால் போஸ்டுக்கு மாறுங்கள்.

பார்ஸ் செய்யும்போது ஒவ்வொரு மதிப்புக்கும் புதிதாக நினைவகம் ஒதுக்குகிறதா?

தேவைப்பட்டால் மட்டும். ‘குவெரி_பேர்ஸ்’ தருவது ‘கௌ’ வகை. மதிப்பில் + குறியோ % குறியோ இல்லை என்றால் மூல ஸ்டிரிங்கின் ஒரு ஸ்லைஸை அப்படியே கடனாகக் காட்டும். டீகோட் செய்ய வேண்டியிருந்தால்தான் புது ஸ்டிரிங் உருவாகும். எண்களும் ஆங்கிலச் சொற்களும் வரும் ஏபிஐகளில் ஒதுக்கீடு அநேகமாக இல்லை. தமிழ் மதிப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் உண்டு. எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் ‘இன்டூ_ஓன்ட்’ போட்டுவிட்டு, ரஸ்ட் ஏன் வேகமாக இல்லை என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால், டேட்டாபேஸுக்குப் போய்வரும் கோரிக்கையில் இந்த வித்தியாசத்தை அளந்தாலும் தெரியாது.

டீகோட் ஆனதை இன்னொரு முறை டீகோட் செய்தால் கெடுதலா?

கெடுதல்தான். ‘%20’ என்ற மூன்று எழுத்தையே ஒருவர் தேடுகிறார் என்றால் முகவரியில் ‘%2520’ என்று வரும். ஒருமுறை டீகோட் செய்தால் ‘%20’ கிடைக்கும், அது சரி. இன்னொரு முறை செய்தால் இடைவெளியாகிவிடும். இது வெறும் தேடல் பிழையாக நின்றுவிடுவதில்லை. 2001 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் ஐஐஎஸ் சர்வருக்கு வெளியிட்ட எம்எஸ்01-026 திருத்தம், பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு பாதையை இன்னொரு முறை டீகோட் செய்த தவறுக்கானது. சோதனையின்போது இல்லாத ‘..’ இரண்டாவது டீகோடில் முளைத்து, கோப்புறைக்கு வெளியே போக வழி விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பரவிய நிம்டா வார்ம் பயன்படுத்திய ஓட்டைகளில் அதுவும் ஒன்று.

ரஸ்டில் இதைத் தடுக்க டைப் முறையே உதவும். டீகோட் ஆகாதது ஒரு வகை, ஆனது இன்னொரு வகை என்று இரண்டு நியூடைப் வைத்துவிட்டால், ஆனதை மீண்டும் டீகோடருக்குக் கொடுக்கும் நிரல் கம்பைலே ஆகாது.

குவெரியின் மேல் கையொப்பம் சரிபார்க்க வேண்டும். பார்ஸ் செய்து மீண்டும் சேர்த்தால் பொருந்தவில்லையே?

பொருந்தாது. இடைவெளி %20 ஆக வந்து + ஆகத் திரும்பும். பதினாறடி எழுத்துகள் சிறிய எழுத்தில் வந்து பெரிய எழுத்தில் திரும்பும். = இல்லாமல் வந்த பெயர் = சேர்ந்து திரும்பும். அனுப்பியவர் எந்த பைட்களின் மேல் எச்மேக் (ரகசியச் சாவியால் போடும் கையொப்பம்) கணக்கிட்டார் என்று அவர்கள் ஆவணத்தில் பாருங்கள். வந்தபடியே உள்ள குவெரி என்றால், மூல ஸ்டிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு கையொப்பத்தை முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு பார்ஸ் செய்யுங்கள். ஃபிரேம்வொர்க் எக்ஸ்ட்ராக்டர் தரும் ஸ்ட்ரக்டிலிருந்து மூலத்தை மீட்க முடியாது. கோரிக்கையின் ‘யூஆர்ஐ’யிலிருந்து ‘குவெரி’யை நேராக எடுங்கள்.

%00 வந்தால் ரஸ்ட் தடுக்குமா?

தடுக்காது. சுழிய பைட் ரஸ்ட் ஸ்டிரிங்கில் சட்டபூர்வமான எழுத்து. அந்த ஸ்டிரிங் வெளியே போகும்போதுதான் முட்டும். சி மொழி நிரலுக்குக் கொடுக்க ‘சிஸ்டிரிங்’ ஆக்கப்போனால் பிழை தரும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ‘டெக்ஸ்ட்’ நெடுவரிசையும் ஏற்காது. பயனருக்கு 500 (சர்வர் பிழை) போவதற்குப் பதில், வாசலிலேயே பார்த்து 400 தந்துவிடலாம்.

பார்ஸர் சரியாக இருக்கிறது என்று எப்படிச் சோதிப்பது?

கையால் எழுதியது என்றால், தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ‘கார்கோ ஃபஸ்’ கருவி கட்டாயம். எந்த பைட் வரிசை கொடுத்தாலும் பேனிக் ஆகக் கூடாது என்பது முதல் சோதனை. அதை எழுதச் சில நிமிடங்கள் போதும், மேலே சொன்ன ஸ்லைஸ் தவறை ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிடித்துவிடும். இரண்டாவது, அதே உள்ளீட்டை ‘ஃபார்ம் யூஆர்எல்என்கோடட்’டுக்கும் கொடுத்து இரண்டு விடையும் ஒன்றா என்று பார்ப்பது. ‘%+5’ போன்றவை இதில்தான் வெளிவரும், பேனிக் சோதனையில் வராது. மூன்றாவது, ஜோடிகளை என்கோட் செய்து திரும்ப பார்ஸ் செய்தால் அதே ஜோடிகள் வருகின்றனவா என்பது. எதிர்த் திசையில் இந்தச் சோதனையை எழுதாதீர்கள். கையொப்பக் கேள்வியில் சொன்ன காரணங்களால் அது தோற்கத்தான் செய்யும்.

லாகில் ‘ஏஎம்பி;பக்கம்’ என்று விநோதமான பெயர்கள் வருகின்றன. தாக்குதலா?

பெரும்பாலும் இல்லை. எச்டிஎம்எல்லில் & குறியை எஸ்கேப் செய்து எழுதியதை யாரோ மறுபடி எஸ்கேப் செய்துவிட்டார்கள், அல்லது பக்கத்தின் மூலத்திலிருந்து இணைப்பை எடுக்கும் கிராலர் எஸ்கேப்பைப் பிரிக்காமல் அப்படியே கோரிக்கை அனுப்புகிறது. & குறி பிரிப்பானாகி, மிஞ்சிய ‘ஏஎம்பி;’ அடுத்த பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் டெம்ப்ளேட்டிலும் மின்னஞ்சல் வார்ப்புருவிலும் இரட்டை எஸ்கேப் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அது கிராலர் வேலை, லாகில் வடிகட்டிவிட்டு விட்டுவிடலாம்.